கணவாய்க்குக் கம்பளிச் சட்டை

கணவாய்க்கு நிறம் தெரியாது. ஒளியை வாங்கும் நிறமி அதன் கண்ணில் ஒன்றே ஒன்றுதான். ஜப்பான் கடலின் மின்மினிக் கணவாய் மாதிரி விலக்கு ஒன்றிரண்டு உண்டு. மற்றதெல்லாம் பிறந்த நாள் முதல் சட்டிக்குப் போகும் நாள் வரை உலகத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் பார்க்கிறது. உயிரியல் படித்தவர்களுக்கு இது பழைய சேதி. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் தூண்டில் சாமான் விற்கிறவர்களுக்கும் தெரியாமல் இருக்காது. ஆனாலும் கடைச் சுவரைப் பாருங்கள்: செம்மஞ்சள் முதுகும் பொன் வயிறும், ஊதா முதுகும் வெள்ளி வயிறும், இறால் நிறம், சூடை நிறம், விடியலுக்கு ஒன்று, நிலவுக்கு ஒன்று, கலங்கிய தண்ணீருக்கு ஒன்று. முப்பது நாற்பது நிறங்கள். நிறக்குருடான ஒரு பிராணிக்கு, அதுவும் இருட்டில் பிடிக்கப்போகும் பிராணிக்கு, இத்தனை புடவை எடுத்துக் காட்டும் தாராளம் வேறெந்த வியாபாரத்திலும் இல்லை.

இந்தக் கணவாய்த் தூண்டிலை இத்தாலிக்காரர் தோத்தனாரா என்பார்கள். இறால் மாதிரி ஒரு உடம்பு, மூக்குக்குக் கீழே ஒரு ஈயத் துண்டு, வாலைச் சுற்றி மேல்நோக்கி வளைந்த இரண்டு வரிசை முட்கள். அவ்வளவுதான் சாமான். சீனத்துச் சரக்கு ஒன்றரை யூரோவுக்குக் கீழ்த்தட்டில், தூசியோடு கிடக்கும். கண்மட்டத்தில் தொங்குவது ஜப்பான்காரன். ஒன்று பன்னிரண்டு யூரோ, பதினைந்து யூரோ, சிலது அதற்கும் மேலே. குளிர்காலத்தில், நவம்பரில் இருந்து பெப்ரவரி வரை, கணவாய் கரைக்கு நெருங்கி வரும். அப்போது நகரத்தின் கரைகளான சான்த் எராஸ்மோவிலும் அரெனெல்லாவிலும் நெற்றி விளக்குக் கட்டிய ஆம்பிளைகள் வரிசையாக நின்று இரண்டு சுண்டு, ஒரு நிறுத்தம், இரண்டு சுண்டு என்று ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த வரிசையில் இங்கே குடியேறிய நம் தமிழர்களும் உண்டு. கிழமை முழுக்க அடுத்தவன் வீட்டுத் தரையைத் துடைத்து, அடுத்தவன் தாயைக் குளிப்பாட்டி, மணிக்குப் பத்து யூரோவை எட்டாத கூலியில் நிற்கிறவர்கள். அவர்களுடைய இரண்டு மணி நேரக் கூலி அந்த நூலின் நுனியில் ஆடிக்கொண்டிருக்கிறது. கல்லிடுக்கில் ஒரு தடவை மாட்டி நூல் அறுந்தால் இரண்டு மணி நேரமும் கடலுக்கு.

யாமாஷித்தா என்ற ஜப்பானிய நிறுவனம் ஒரு படி மேலே போயிருக்கிறது. அதன் ‘எகி ஓ’ வரிசையில் சில தூண்டில்களுக்கு ஒளியை வெப்பமாக்கும் துணியைப் போர்த்தி விற்கிறார்கள். சுற்றியுள்ள தண்ணீரை விடத் தூண்டில் சற்றே கதகதப்பாக இருக்குமாம். கணவாய் கட்டிப்பிடிக்கும்போது உயிருள்ள இரை என்று நம்பிவிடுமாம். டிசம்பர் இரவில், கடற்காற்று காதைக் கடிக்க, பல்லாரோச் சந்தையின் பழந்துணிக் குவியலில் பொறுக்கிய மேற்சட்டையோடு ஒரு மனிதன் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். அவன் கையில் இருக்கும் பொம்மை இறால் கம்பளி போர்த்தியிருக்கிறது. இதைவிடத் துல்லியமாக நம் காலத்தின் பொருளாதாரத்தை எந்தப் பேராசிரியரும் வரைந்து காட்டியதில்லை.

அதே நிறுவனம் இன்னொரு உண்மையையும் தானே விளம்பரம் செய்கிறது. கணவாயின் கண் 490 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும். ஆகவே அந்த ஒளியில் மினுங்கும் தூண்டிலைச் செய்திருக்கிறோம், வாங்குங்கள் என்கிறது. நல்லது, அறிவுள்ள பேச்சு. அப்படியானால் மிச்ச நிறமெல்லாம் யாருக்கு? ஒரே அலைவரிசையில் பார்க்கிற பிராணி என்று தானே சாட்சி சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் முழு வானவில்லையும் விரித்து வைக்கிறவனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க ஒரு சபை இல்லை. கேட்டால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார்: நிறம் தெரியாவிட்டாலும் வெளிச்சம் இருட்டு வித்தியாசம் தெரியும் அல்லவா? தெரியும். கணவாய் அதில் கெட்டிக்காரன்தான். அந்த வித்தியாசத்துக்கு வெளிறியது ஒன்று, கறுத்தது ஒன்று போதும். மிச்சம் முப்பத்தெட்டும் கரையில் நிற்கும் இன்னொரு பிராணிக்கு. அதற்கு நிறம் நன்றாகத் தெரியும், சட்டைப்பையும் உண்டு.

இந்தப் பண்டத்தின் பூர்வீகத்தைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும். ஜப்பானின் தெற்கே, பழைய சத்சுமா நாட்டுக் கரைகளில் ஒரு கதை சொல்வார்கள். இரவில் படகில் போனவனின் தீவட்டியிலிருந்து கருகிய கட்டை ஒன்று கடலில் விழுந்தது. கணவாய் ஒன்று வந்து அதைக் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்தவன் கட்டையைச் செதுக்கி, நெருப்பில் வாட்டி, முள் வைத்தான். எரிந்து மிஞ்சிய விறகு அது. அதற்கு அன்றைக்கு யாரும் காசு கேட்கவில்லை. பின்லாந்தில் லவுரி ராபாலா என்ற ஏழை மீனவன் 1936இல் செய்த பொம்மை மீனின் கதையும் அதேதான். தக்கையைக் கத்தியால் சீவினான். மினுக்கத்துக்குச் சாக்லேட் சுற்றி வந்த தகட்டைப் போர்த்தினான். தண்ணீர் புகாமல் இருக்கப் பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசினான். மூன்றும் குப்பை. அந்தக் குப்பை மீன் நோவுபட்ட குஞ்சு மாதிரி நெளிந்து நீந்தியது, பெரிய மீன்கள் பாய்ந்தன. 1962 ஆகஸ்டில் அமெரிக்க ‘லைஃப்’ பத்திரிகை அதைப்பற்றி எழுதியது. அட்டையில் அப்போதுதான் இறந்துபோன மர்லின் மன்றோவின் படம் இருந்ததால் அந்த இதழ் வீடு வீடாகப் போனது, ராபாலாவும் கூடவே போனான். அதற்குப் பிறகுதான் இந்தத் தொழிலுக்கு ஞானோதயம் பிறந்தது. மீனை ஏமாற்றினால் ஒரு நேரச் சாப்பாடு, மீன் பிடிக்கிறவனை ஏமாற்றினால் பரம்பரைச் சொத்து.

ராபாலாவை நான் குறை சொல்லவில்லை. அவன் பெயரில் வரும் சாதாரண மீன் இன்றைக்கும் பத்து யூரோவைச் சுற்றித்தான் விற்கிறது, நன்றாகவும் நீந்துகிறது. என் கோபம் அவன் கத்தியையும் சாக்லேட் தகட்டையும் எடுத்துக்கொண்டு போய், மேலே முப்பரிமாணக் கண், உள்ளே கிலுகிலுக்கும் டங்ஸ்டன் குண்டு, ‘பேய் மடவை’ ‘நள்ளிரவுச் சாளை’ என்று ஒரு பெயர் வைத்து, முப்பது யூரோ என்று சீட்டு ஒட்டுகிறவர்கள் மேல். நூறு யூரோவைத் தாண்டும் ஜப்பானியக் கைவேலைப் பொம்மைகளும் இருக்கின்றன. அவற்றைக் கடலில் எறிகிறவர்களை நான் கண்டதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, படம் எடுத்து, மற்றவனுக்கு அனுப்புகிறார்கள். அது மீன்பிடி இல்லை, நகை.

சான்த் எராஸ்மோவில் ஓர் இரவு கேட்ட பேச்சைச் சொல்கிறேன். மன்னார்ப் பக்கத்தில் தகப்பனோடு வள்ளத்தில் போய் வளர்ந்த ஒரு பெரியவர், பக்கத்தில் புதுத் தடியோடு நின்ற ஒரு பொடியன்.

“அண்ணை, இது ஜப்பான். பதினாறு யூரோ.”

“ஜப்பானெண்டா? கணவாய் பாஸ்போட் கேக்குமோ?”

“இல்லையண்ணை, இதின்ரை துணி வேறை. சூடாயிருக்கும்.”

“தம்பி, உனக்குக் குளிருதெண்டு முதல் நீ ஒரு தொப்பி வாங்கு.”

பெரியவர் தன் தூண்டிலை விளக்குக்குக் கீழே காட்டினார். கீழ்த்தட்டுச் சீனச் சரக்கு. துணி உரிந்த இடத்தில் பழைய வெள்ளை நைலோன் காலுறையை இழுத்துச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். ஈயத்தில் ஒரு பக்கம் அரத்தால் ராவிய தடம். “இது கெதியாத் தாண்டுது, அதுதான் ராவிப்போட்டன்,” என்றார். ஊரில் உரச்சாக்கு நாரையும் வெள்ளைக் கோழியிறகையும் முள்ளில் கட்டி இழுத்துச் சீலா பிடித்த கை அது. அந்த ராவுதலில்தான் முழு வித்தையும் இருக்கிறது. கணவாய் பாய்வது பெரும்பாலும் தூண்டில் மேலே சுண்டப்படும்போது அல்ல, அது மூக்குக் கீழாக மெல்ல இறங்கும்போது. மீற்றருக்கு மூன்று விநாடி சொச்சம் எடுத்து, சாயாமல், சுழலாமல் இறங்கினால் கணவாய் வந்து கட்டிக்கொள்ளும். கல்லு மாதிரி விழுந்தால் வராது.

ஆகவே, விலை கூடியது பெறுமதியா என்று கேட்பவனுக்கு நேர்மையான பதில் உண்டு. அதை மறைத்துவிட்டுத் திட்டினால் நானும் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன். ஒன்றரை யூரோச் சரக்கில் ஒரே பெட்டியில் வரும் பத்தில் ஒன்று நேராக இறங்கும், இன்னொன்று பக்கவாட்டில் படுக்கும். முள் மெல்லிய கம்பி, பெரிய கணவாய் இழுத்தால் நிமிர்ந்துவிடும். பொம்மை மீன்களில் மலிவானவற்றின் மூன்று முனைக் கொக்கியும் வளையமும் உப்புத் தண்ணீர் பட்ட மறுநாளே துருவேறும். இங்கே சேரா என்று சொல்லும் மீன் ஒன்று நன்றாகக் கடித்தால் கொக்கி விரிந்து வெறும் பொம்மை திரும்பி வரும். சேராவின் பல் நூலையே அறுக்கும், கொக்கியைச் சும்மா விடுமா? எட்டுப் பத்து யூரோவுக்கு வாங்கும்போது இந்தச் சனியன்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கொக்கி உருக்காக இருக்கும், எடை சரியாக இருக்கும், பெட்டியில் இருந்து எடுத்து எறிந்தாலே நீந்தும். உள்ளே நகரும் குண்டு வைத்தது காற்றுக்கு எதிரே தூரம் போகும், அதற்கு ஒரு பெறுமதி உண்டு. அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு யூரோவும் வர்ணத்துக்கு, பெட்டிக்கு, பெட்டியில் இருக்கும் ஜப்பானிய எழுத்துக்கு. மலிவுச் சரக்கை வாங்கி நல்ல கொக்கி மாட்டினாலும் காரியம் முடியும். ஐந்து நிமிடத்தில் தீரும் விஷயம்.

ஐந்து நிமிடத்தில் தீரும் விஷயத்தை ஆயிரம் மணி நேரக் காணொளியாக்கியவர்கள் யார்? நிறுவனம் இனாமாகக் கொடுத்த பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, “சகோதரர்களே, இது ஒரு ஆட்டத்தை மாற்றும் தூண்டில்” என்கிற தாடிக்காரர்கள். இத்தாலியனிலும் உண்டு, தமிழிலும் வந்துவிட்டது. மீன் கடிக்காத ஐந்து மணி நேரத்தை வெட்டி எறிந்துவிட்டு, கடித்த ஒரு விநாடியை மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள். தூண்டிலுக்கு ஒரு சதம் கொடுக்காதவன், காசு கொடுக்கப்போகிறவனுக்குப் பெறுமதி பற்றி வகுப்பெடுக்கிறான். அந்த வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, வீட்டுக்காரி கேட்டால் “பழையது, பாதி விலை” என்று பொய் சொல்லி, காருக்குப் பின்னால் மூன்றடுக்குப் பெட்டி நிறையப் பொம்மை சேர்க்கிற நம் சிங்கங்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். ஊருக்குப் பணம் அனுப்பும் மாதத்தில் ஐம்பது யூரோ குறைந்தது ஏன் என்று ஊரில் இருக்கும் தாய்க்குத் தெரியாது. பலெர்மோக் கடலின் அடியில் கல்லிடுக்கில் அது மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. ஈயத்தோடு, முள்ளோடு, இன்னும் நூறு வருடத்துக்கு.

இன்னொரு வேடிக்கை. பலெர்மோவின் பழைய படகுத்துறையான லா காலாவில் பகலில் எட்டிப் பாருங்கள். உல்லாசப் படகுகளின் வயிற்றை உரசிக்கொண்டு மடவைகள் கூட்டம் கூட்டமாகத் திரியும், சில முழங்கை நீளம். பிளாஸ்டிக் பொம்மையை நீங்கள் அவற்றின் மூக்குக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க இழுக்கலாம், விலகி வழிவிடும். அந்த மீன் பாசியும் சேறும் மேய்வது. பழைய பாணைத் தண்ணீரில் நனைத்து, பிசைந்து, சின்ன முள்ளில் உருட்டி வைக்கிற கிழவன் வாளியை நிரப்பிக்கொண்டு போகிறான். முதல் நாள் மிஞ்சிய பாண். கண்ணுக்கு முன்னால் நிற்கும் மீன் பாண் தின்கிறது, கடைக்காரன் விற்பதோ கண்ணுக்குத் தெரியாத மீனுக்கான முப்பது யூரோப் பொம்மை.

பெரிய மீனைக் கூப்பிடவும் காசு தேவையில்லை என்பதைச் சிசிலிக்காரனே பல நூற்றாண்டுக்கு முன் கண்டுபிடித்துவிட்டான். கோடை முடிவில் இந்தக் கடலில் கப்போனே என்று அவர்கள் அழைக்கும் பொன்னிற மீன் வரும். மிதக்கும் எதற்கும் கீழே நிழலுக்கு ஒதுங்குகிற பழக்கம் அதற்கு. ஆகவே மீனவர்கள் மிதவையில் பனையோலையைக் கட்டி, கல்லில் நங்கூரமிட்டு, கடலில் வரிசையாக விட்டுவிடுவார்கள். கன்னிச்சு என்பார்கள். கீழே கூடிய மீனை வலையால் வளைத்துக்கொள்ள வேண்டியதுதான். குமரி மாவட்டத்து மீனவர்களும் கர்நாடகக் கரைக்கு அப்பால் தென்னம்பாளைகளைக் கட்டி இறக்கிக் கணவாயைக் கூட்டுகிறார்கள், முட்டை ஒட்டவைக்க இடம் தேடி அது தானாக வருகிறது. அதற்காக அங்குள்ள மீனவர்களோடு சண்டையும் நடக்கிறது, அது வேறு வழக்கு. ஓலைக்கும் பாளைக்கும் வணிகப் பெயர் வைக்கக் கடைக்காரர்களுக்கு இன்னும் தோன்றவில்லை. தோன்றிவிடும்.

சரி, இத்தனை விலை கொடுத்தும் மீன் ஏன் கடிக்கவில்லை? கடையில் அதற்கு ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: “மீன் இப்போது புத்திசாலி ஆகிவிட்டது. பழைய தூண்டிலை எல்லாம் பார்த்துப் பழகிவிட்டது. இதோ, இந்த வருடம் வந்தது.” மீனின் கல்வியறிவைப் பற்றி இவ்வளவு அக்கறை. மத்தியதரைக் கடலுக்கும் கருங்கடலுக்குமான மீன்வள ஆணையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையைப் புரட்டுங்கள்: மதிப்பிட்டுப் பார்த்த மீன் கூட்டங்களில் 58 விழுக்காடு அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது. அதுவும் முன்னைய கணக்கை விடக் குறைந்த எண். பள்ளிக்கூடத்துக்குப் போனதால் அல்ல, ஆள் இல்லாததால்தான் வகுப்பு வெறுமையாக இருக்கிறது.

பலெர்மோ தன் கரைக்குச் செய்ததைச் சொல்லாமல் தூண்டில் விலையை மட்டும் பேசுவது அயோக்கியத்தனம். ஃபோரோ இத்தாலிக்கோவின் பச்சைப் புல்வெளியில் நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பந்தடிக்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பது 1943 குண்டுவீச்சில் இடிந்த பலெர்மோ. கல்லையும் மண்ணையும் கடலில் கொட்டி நிரப்பிய நிலம் அது. போர் செய்ததை மன்னிக்கலாம். அமைதிக் காலத்தில் செய்ததை? 1958இல் சால்வோ லிமா மேயர் ஆனார். அவருடைய நிர்வாகத்தில் பொதுப்பணிக்குப் பொறுப்பாக வந்தவர் வீத்தோ சாஞ்சிமினோ. சில வருடங்களில் ஆயிரக்கணக்கான கட்டட அனுமதிகள் வழங்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஐந்தே ஐந்து பேரின் பெயரில். எலுமிச்சைத் தோட்டங்களையும் அழகான மாளிகைகளையும் இடித்துவிட்டுச் சீமெந்துப் பெட்டிகளை அடுக்கினார்கள். பலெர்மோவின் சூறையாடல் என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். இடித்த கழிவையும் தோண்டிய மண்ணையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்? ரொமாஞ்ஞோலோவில், ஸ்பெரோனேயில், ஆக்குவா தெய் கோர்சாரியில். நகரத்து ஏழைகள் குளித்து, மீன்பிடித்து, சாப்பிட்டு வந்த தெற்குக் கரையில். ஒரு காலத்தில் குளியல் மண்டபங்கள் வரிசையாக நின்ற கடற்கரை, லொறி லொறியாக வந்த இடிபாட்டில் மேடு தட்டிப்போனது. சேறு கரைந்து படிந்தால் கடற்புல் மூச்சுத் திணறிச் சாகும். அந்தப் புல்வெளிதான் குஞ்சுகள் ஒளிந்து வளரும் தொட்டில். தொட்டிலில் மண்ணைக் கொட்டினார்கள்.

சாஞ்சிமினோ 1970இல் தானே மேயராகவும் இருந்தார், பின்னாளில் மாஃபியாவோடு சேர்ந்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். லிமா 1992 மார்ச் 12 அன்று மொந்தெல்லோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொட்டிய மண் மட்டும் எந்த வழக்குக்கும் வராமல் அங்கேயே இருக்கிறது. ஒரெத்தோ ஆறு நகரத்தின் கழிவைத் தூக்கிக்கொண்டு வந்து அதே கரையில் கடலில் விழுகிறது. தெற்குக் கரையின் பெரும்பகுதியில் குளிக்கத் தடை என்ற பலகை தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. பலகைக்கு வர்ணம் அடிக்கக் காசு கிடைக்கிறது, குழாய்க்குக் கிடைப்பதில்லை.

குழாயைப் பற்றி ஐரோப்பிய நீதிமன்றமே பேசியிருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஊர்களுக்காக இத்தாலியை அது 2012இல் குற்றவாளி என்றது. ஆறு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு 2018 மே 31 அன்று 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது, வேலை முடியும் வரை ஒவ்வொரு அரையாண்டுக்கும் 3 கோடிக்கு மேல் கட்டு என்றும் சொன்னது. பட்டியலில் இருந்த ஊர்களில் பெரும்பாலானவை சிசிலியில். அந்த முதல் 2.5 கோடியைப் பதினைந்து யூரோத் தூண்டிலாக மாற்றிப் பாருங்கள்: பதினாறு லட்சத்துக்கு மேல் வரும். பலெர்மோவின் ஆறு லட்சத்துச் சொச்சம் பேருக்கும், தொட்டில் குழந்தை உட்பட, தலைக்கு இரண்டு கம்பளிக் கணவாய்த் தூண்டில் கொடுத்த பிறகும் மிஞ்சும். கொடுத்திருந்தால் கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். மலத்தைக் கடலில் விட்டதற்குக் கட்டின காசு அது. கட்டியவர்கள் வரி செலுத்துகிறவர்கள், மணிக்குப் பத்து யூரோவை எட்டாதவன் உட்பட.

இந்தக் கடலில் சட்டம் இல்லாமலும் இல்லை. இத்தாலியில் பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பவன் ஒரு நாளைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எடுக்கக்கூடாது, தனியாக ஒரே பெரிய மீன் என்றால் விலக்கு. பிடித்ததை விற்கக்கூடாது. கடற்கொடுவா, அவர்கள் ஸ்பீகொலா என்பது, 25 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும். நல்ல சட்டங்கள், எனக்கு மறுப்பில்லை. கரையில் நிற்கும் தொழிலாளியின் வாளிக்குள் அளவுகோலை விடுவது சுலபம். லொறி லொறியாகக் கொட்டியவனின் மேட்டை அளக்க எந்தக் கோலையும் அன்றைக்கு யாரும் எடுத்துக்கொண்டு வரவில்லை. ஐந்து கிலோ எல்லையைப் பற்றி நம்மவர்கள் கவலைப்படவும் தேவையில்லை. பலெர்மோவில் விலை கூடிய தூண்டிலும் மலிவுத் தூண்டிலும் சரிசமமாகச் சட்டத்தை மதிக்கின்றன.

மீன் கடிக்க வேண்டும் என்று மொந்தே பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1624 கொள்ளைநோயில் இருந்து நகரத்தைக் காப்பாற்றியவள் என்று இத்தாலியர் கும்பிடும் அந்தப் புனிதையின் குகைக்கு நம் சனம், சைவமும் வேதமுமாக, வெறுங்காலோடு மலையேறிப் போவது பலெர்மோ முழுக்கத் தெரிந்த காட்சி. மெழுகுதிரி மலிவு. விளம்பரத்தில் கண்ட பொய்யும் அவள் சொல்வதில்லை.

கடைசியாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிறியது ஒன்று, கறுத்தது ஒன்று, எட்டுப் பத்து யூரோவுக்கு மேல் கொடுக்காமல் வாங்குங்கள். மலிவுச் சரக்கானால் கொக்கியை மாற்றுங்கள், ஈயத்தை ராவிப் பாருங்கள், எப்படி என்று தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் பெரியவரைக் கேளுங்கள், காசு கேட்கமாட்டார். இத்தாலியக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இன்னொன்று. இங்கே நகரசபைத் தேர்தல் கடைசியாக 2022 யூனில் நடந்தது. மேயரின் பதவிக்காலம் ஐந்து வருடம். அடுத்த முறை வாக்குக் கேட்டுப் பல்லாரோவுக்குள் சிரித்துக்கொண்டு வந்து கை கொடுப்பவரிடம், இந்த நகரத்தின் கழிவுநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது, தெற்குக் கரையின் பலகையை எந்த வருடம் கழற்றுவீர்கள் என்று கேளுங்கள். வருடத்தைச் சொல்லும் வரை கையை விடாதீர்கள்.